எந்தப் படம் கிடைக்காமல் போனது?

தீபாவளி போனஸ் கணக்கில் ஏறுவதற்கும் கைப்பேசியில் லென்ஸ் தள்ளுபடி விளம்பரம் வந்து நிற்பதற்கும் நடுவே பெரிய இடைவெளி இருப்பதில்லை. எங்கள் கம்பெனி கேன்டீனில் அந்த வாரம் முழுக்க இதே பேச்சுதான். கடம்பத்தூரில் ரயிலேறி ஷிப்டுக்குப் போகிற பையன்களில் கேமரா வைத்திருப்பவர்கள் இப்போது நிறைய. வார லீவு வந்தால் பூண்டி ஏரிக்கோ பழவேற்காட்டுக்கோ பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். காதுகுத்து, வளைகாப்பு என்று சில்லறை ஆர்டர் பிடிப்பவர்களும் உண்டு.

“அண்ணா, ஐம்பது எம்எம் ஆஃபர்ல போட்டிருக்கான். நாளைக்கு ராத்திரியோட முடியுது. தட்டிடட்டுமா?”

அசெம்பிளி லைனில் வேலை பார்க்கும் தம்பி ஒருவன் கேட்டது. நான் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. ஒரு பாகம் எங்கே பொருந்தவில்லை, எவ்வளவு பொருந்தவில்லை என்று கேட்பதுதான் என் பிழைப்பு. அந்தப் பழக்கத்தில் திருப்பிக் கேட்டேன்: “இதுவரைக்கும் எந்தப் படம் உனக்குக் கிடைக்காம போச்சு? ஒண்ணே ஒண்ணு சொல்லு.” யோசித்தான். “பின்னாடி நல்லா ப்ளர் ஆகும்ணா” என்றான். அது லென்ஸைப் பற்றிய பதில். அவன் எடுக்கப் போன படத்தைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை.

யூடியூபில் லென்ஸ் விமர்சனம் பார்ப்பதை நான் குறை சொல்ல மாட்டேன், நானும் பார்க்கிறேன். ஆனால் அந்த நேரத்தைப் போட்டோ எடுத்த கணக்கில் சேர்க்கக் கூடாது, சினிமா பார்த்த கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

அன்று சாயங்காலம் அவனுடைய லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தோம். டிஜிட்டல் கேமராவில் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் அது எத்தனை மி.மீ.யில் எடுக்கப்பட்டது, அப்பர்ச்சர் என்ன, ஷட்டர் வேகம் என்ன என்ற குறிப்பு தானாகவே பதிந்திருக்கும். படத்தின் ‘ப்ராப்பர்ட்டிஸ்’ பக்கத்திலேயே பார்க்கலாம். லைட்ரூம், டிஜிகேம் போன்ற மென்பொருள்களில் மி.மீ. வாரியாகவே பிரித்துப் பார்க்க முடியும். டிஜிகேம் இலவசம். கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸ்தான் அவனிடம் இருந்தது. படங்களைப் பிரித்துப் பார்த்தால் எல்லாம் 18-லும் 55-லும் குவிந்து கிடந்தன. நடுவில் இருந்தவை சொற்பம்.

இதைப் பார்த்ததும் பலர் செய்யும் முடிவு: “எனக்கு இன்னும் அகலமாகவும் வேண்டும், இன்னும் நீளமாகவும் வேண்டும்.” இரண்டு லென்ஸுக்கு அங்கேயே செலவு ரெடி. கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஜூம் வளையத்தை முட்டும்வரை திருகுவது கையின் வழக்கம். ஆகவே 55-ல் விழுந்த படங்களை மட்டும் தனியே எடுத்து ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தோம். பூண்டி ஏரியில் எடுத்த நாரை ஒரு வெள்ளைப் புள்ளி. அங்கே குறைவது நீளம். பாட்டி திண்ணையில் உட்கார்ந்திருக்கும் படம் பிரமாதம். அங்கே எதுவுமே குறையவில்லை. ராத்திரி கூத்துப் படங்கள் எல்லாம் கலங்கல். அங்கே குறைவது வெளிச்சம். ஒரே 55 மி.மீ.தான், மூன்று வகைப் படத்துக்கு மூன்று காரணம். இதைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கும் லென்ஸ் பாதி நேரம் வேறு எவனுடைய குறையையோ தீர்க்கும்.

கூத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் நல்ல லென்ஸுக்கு நியாயமான தேவை அங்கேதான் இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். விளக்கு என்று பார்த்தால் சில ட்யூப்லைட், ஓரிரண்டு எல்இடி. ஆடுகிறவர் கிர்கிர் என்று சுற்றுவார், கிரீடம் ஒரு பக்கம் சாயும், காலில் சலங்கை. கிட் லென்ஸை 55-க்குக் கொண்டுபோனால் அப்பர்ச்சர் எஃப்/5.6-க்கு மேல் திறக்காது. எஃப்/1.8 லென்ஸ் அதே இடத்தில் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். கணக்கு எளிது: 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கினால் போதும். கிட் லென்ஸில் நொடியில் 20-ல் ஒரு பங்கு வேகம் கிடைக்கிற இடத்தில், இதில் 200-ல் ஒரு பங்கு கிடைக்கும். இருபதில் ஒரு பங்கில் சுற்றுகிற துச்சாதனன் வெறும் புகை. இருநூறில் ஒரு பங்கில் அவன் முகத்து அரிதாரத்தின் கோடு தெரியும்.

லென்ஸில் ‘விஆர்’, ‘ஐஎஸ்’ என்று எழுதியிருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். அது நம் கை நடுக்கத்தைத்தான் தாங்கும், ஆடுகிறவரை நிறுத்தி வைக்காது. திருவாலங்காட்டில் வெளிப் பிரகாரத்தை அந்தி வெளிச்சத்தில் எடுப்பதானால் அதுவே தாராளம். கோபுரம் எங்கும் ஓடப் போவதில்லை. கேமராவை மதில் மேல் வைத்து இரண்டு நொடி டைமர் போட்டால் அதுகூட வேண்டாம்.

எஃப்/1.8-க்கு ஒரு விலையும் உண்டு. கிராப் சென்சார் கேமராவில் 50 மி.மீ. லென்ஸை முழுக்கத் திறந்து, ஐந்து அடி தள்ளி இருக்கும் முகத்தை எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 6 செ.மீ.தான். கண்ணில் ஃபோகஸ் வைத்தால் காது மங்கும். கூத்துக்காரரின் கண் தெளிவாக இருந்து கிரீடமும் புஜக்கீர்த்தியும் கரைந்துபோனால் அது வேஷத்தை எடுத்த படமே இல்லை என்பது என் கட்சி. நான் பெரும்பாலும் எஃப்/2.8 வரை மூடிக்கொண்டு ஐஎஸ்ஓவை ஏற்றிவிடுவேன். கொஞ்சம் மணல் மணலாக வரும், பரவாயில்லை.

இதே 50 மி.மீ.யை ஊரில் வீட்டு விசேஷத்துக்குக் கொண்டுபோனால் கதை வேறு. கிராப் சென்சாரில் ஒருவரைத் தலை முதல் கால் வரை, மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டு அடக்க வேண்டுமென்றால், கேமராவை நிமிர்த்திப் பிடித்தாலும் நீங்கள் சுமார் 15 அடி தள்ளி நிற்க வேண்டும். நம் வீட்டு அறை பத்துக்குப் பத்து. முதுகு பீரோவில் முட்டிவிடும். 35 மி.மீ. என்றால் பத்தடி, 24 என்றால் ஏழடி. வளைகாப்புக்கு வந்த பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வளையல் போடுகிற காட்சிக்குக் கிட் லென்ஸின் 18-தான் சரி, பகலானால் ஜன்னலைத் திறந்து வைத்தால் வெளிச்சமும் போதும். “முதல் லென்ஸ் ஐம்பதுதான்” என்று எல்லாரும் சொல்வது ஃபிலிம் காலத்து 35 மி.மீ. கேமராக்களில் இருந்து வந்த வழக்கம். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே பிரெசோன் பெரும்பாலும் 50-லேயே எடுத்தார் என்பது உண்மைதான். அவர் கையில் இருந்தது முழு ஃபிரேம் லைக்கா. நம் கிராப் கேமராவில் அந்தப் பார்வைக்கு ஏறக்குறையப் பக்கத்தில் வருவது 35.

எது தோதுப்படும் என்று கண்டுபிடிக்கக் காசு செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜூம் வளையத்தை 35-ல் வைத்து மேலே செலோடேப் ஒட்டிவிடுங்கள். அரக்கோணம் லோக்கலில் ஏறி, செஞ்சி பனம்பாக்கம், மணவூர் தாண்டித் திருவாலங்காட்டில் இறங்கி, கோயிலையும் தெருவையும் அதை வைத்தே எடுத்து வாருங்கள். அடுத்த வாரம் 50-ல் ஒட்டுங்கள். முதல் அரை மணி நேரம் எரிச்சலாக இருக்கும், அப்புறம் கால் தானாக முன்னும் பின்னும் போகும். எதில் மூச்சு முட்டியது, எதில் மறந்துபோய் எடுத்துக்கொண்டே இருந்தீர்கள் என்று ராத்திரி படங்களைப் பார்த்தால் தெரிந்துவிடும். செலோடேப்பை அன்றைக்கே உரித்துவிட வேண்டும். வெயிலில் பசை இளகி வளையத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது பறவை ஆசை. பழவேற்காடு பக்கத்திலேயே இருப்பதால் கும்மிடிப்பூண்டி சிப்காட் பையன்களை இது சீக்கிரம் பிடித்துக்கொள்கிறது. குளிர்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்கும்போது, அண்ணாமலைச்சேரி பக்கம் போய் நின்று பார்த்தவனுக்கு 600 மி.மீ. லென்ஸ் கனவில் வரும். அதை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுங்கள் என்பேன். சென்னையில் நாள் வாடகைக்கு லென்ஸ் தரும் கடைகள் இருக்கின்றன. அடையாள அட்டையும் முன்பணமும் கேட்பார்கள். 150-600 லென்ஸைக் கையில் வாங்கினதும் முதலில் தெரிவது எடை, ஏறக்குறைய 2 கிலோ. படகில் உட்கார்ந்து அதைத் தூக்கிப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் தோள் பேசும். இரண்டாவதாகத் தெரிவது யாரும் சொல்லித் தராத விஷயம்: காலை வெயில் ஏறியதும் ஏரியின் மேல் காற்று கானல்போல் நெளியத் தொடங்கும். அதன் பிறகு அரை கிலோமீட்டர் தள்ளி நிற்கும் பூநாரை எந்த விலை லென்ஸிலும் தண்ணீருக்குள் பார்த்ததுபோல்தான் விழும். விடிவதற்கு முன் பொன்னேரி தாண்டியிருப்பவனுக்கு 300 மி.மீ.யில் கிடைக்கிற படம், பத்து மணிக்குப் போய் இறங்கியவனுக்கு 600-லும் கிடைக்காது. நைட் ஷிப்டு முடித்துவிட்டு அப்படியே போகலாம் என்று மட்டும் திட்டம் போடாதீர்கள். தூக்கக் கலக்கத்தில் பைக் ஓட்டி எடுக்கிற அளவுக்குப் பூநாரை முக்கியம் இல்லை.

இங்கே மா. கிருஷ்ணனைச் சொல்லாமல் போக முடியாது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912-ல் பிறந்து 1996-ல் மறைந்தவர், சென்னையில் வாழ்ந்த காட்டுயிர் எழுத்தாளர், புகைப்படக்காரர். கேமராவின் உடல் ஒன்று, லென்ஸ் வேறு ஒன்று என்று அவரே இணைத்துக் கட்டிய ஒரு கருவிக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று கேலியாகப் பெயர் வைத்திருந்தார். கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த யானைப் படங்கள் அந்த மாதிரி ஒட்டுக் கருவியில் வந்தவை. கருவி முக்கியமில்லை என்று இதற்குப் பொருள் சொல்லிவிடக் கூடாது. கடையில் கிடைப்பது எதுவும் தன் வேலைக்குப் பொருந்தாது என்று தெரிகிற அளவுக்கு அவருக்குத் தன் வேலை தெரிந்திருந்தது.

சரி, தேவை உறுதியாகிவிட்டது, வாங்கத்தான் போகிறீர்கள். பொருத்தம் பார்க்க வேண்டும். நிக்கான் டி3500, டி5600 போன்ற கேமராக்களின் உடலுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய ‘ஏஎஃப் 50 எஃப்/1.8டி’ லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி மாட்டினால் அழகாக மாட்டிக்கொள்ளும், ஆனால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. பெயரில் ‘ஏஎஃப்-எஸ்’ அல்லது ‘ஏஎஃப்-பி’ இருக்கிறதா என்று பாருங்கள். பின்னால் மிரர்லெஸ்ஸுக்கு மாறினாலும் இதே கதைதான்: ஏஎஃப்-எஸ் லென்ஸ் எஃப்டிஇசட் அடாப்டரில் தானாக ஃபோகஸ் ஆகும், அந்த டி வகை ஆகாது. கேனானில் 1987-ல் வந்த இஎஃப் லென்ஸ்கூட அடாப்டர் போட்டால் இன்றைய ஆர்எஃப் கேமராவில் ஓடும். அதனால் கேனான் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர் நல்ல இஎஃப் லென்ஸ் ஒன்று வாங்கினால் அது வீணாகப் போகாது.

‘நோ காஸ்ட் இஎம்ஐ’ என்றால் பிராசசிங் கட்டணம் எவ்வளவு, வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டி உண்டா என்று படித்துவிட்டுத் தட்டுங்கள். பெரும்பாலும் இரண்டும் இருக்கும். லென்ஸோடு சேர்த்து மலிவு யுவி ஃபில்டர் தலையில் கட்டுவார்கள். கூத்து மேடையில் ட்யூப்லைட் எதிரே இருக்கும்போது அந்தக் கண்ணாடி படத்துக்குள் இன்னொரு ட்யூப்லைட்டைத் தலைகீழாக வரைந்து வைக்கும். அந்தக் காசுக்கு ஹூட் வாங்கலாம்.

தம்பி அந்த ஆஃபரை விட்டுவிட்டான். பொங்கலுக்குப் பிறகு யாரோ விற்ற பழைய 50-ஐ வாங்கினான், கூத்துக்காகவே. பார்க்கப் போனபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனான். செகண்ட் ஹேண்டில் நான் பார்ப்பது இவ்வளவுதான்: லென்ஸின் இரண்டு மூடியையும் கழற்றி, பின்பக்கத்தில் கைப்பேசி டார்ச்சைக் காட்டி, முன்பக்கமாகச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பேன். தூசி ஒன்றிரண்டு இருந்தால் கவலையில்லை. சிலந்தி நூல்போல் கிளை விட்டுப் படர்ந்திருந்தால் பூஞ்சை, விலையைக் குறைத்தாலும் வேண்டாம். அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கக் கூடாது. பிறகு நம் கேமராவில் மாட்டி, சுவரில் ஒட்டிய தினசரித் தாள் ஒன்றை நேராக நின்று முழுத் திறப்பில் எடுத்துப் பார்ப்பேன். நடுவில் எழுத்து தெளிவாக இருந்து ஒரே ஒரு மூலை மட்டும் ரொம்ப மங்கினால், அது எங்கோ கீழே விழுந்த லென்ஸாக இருக்கலாம். விற்பவர் அவசரப்படுத்தினால் டீ சாப்பிடக் கூப்பிடுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நம் பக்கத்தில் பூஞ்சை வராமல் காப்பதுதான் அதன் பிறகான வேலை. கேமராப் பைக்குள்ளேயே மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள், பை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இறுக்கி மூடும் பிளாஸ்டிக் டப்பா, அதில் ஒரு துணி முடிச்சில் நீலச் சிலிக்கா ஜெல், போதும். மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். பழைய தகரத் தட்டில் கொட்டி மிதமான சூட்டில் வைத்தால் நீலம் திரும்பும். அந்தத் தட்டைச் சமையலுக்குத் திரும்ப எடுக்கக் கூடாது என்று வீட்டில் முதலிலேயே சொல்லி வையுங்கள்.