படுத்திருக்கும் சரீரமும் வேலை செய்கிறது



வார்டைச் சுற்றி வரும்போது நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. சம்பா நடவுக்குப் போய்க் காய்ச்சலோடு வந்து படுத்த ஒரு பெண்ணின் மாமியாரும் அதையே கேட்டார்: "படுத்தேதானே கெடக்குறா, இவளுக்குச் சோறு எதுக்குங்க ஐயா? கஞ்சித் தண்ணி போதாதா?" அந்த அம்மாள் கருமி அல்ல. உழைத்தால்தான் சோறு என்பது இந்தத் தஞ்சாவூர்ச் சீமையில் தலைமுறைகளாக வந்த கணக்கு.

சரீரத்தின் கணக்கு வேறு. நாம் அயர்ந்து தூங்கும்போதும் இருதயம் துடிக்கிறது, மூச்சு ஓடுகிறது, சிறுநீரகம் இரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. மூளையின் எடை உடலில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் ஓய்வில் செலவாகும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடுகிறது. 55 கிலோ எடையுள்ள பெண் நாள் முழுதும் அசையாமல் படுத்திருந்தாலும் சுமார் 1,200 கலோரி செலவாகும். ஏறக்குறைய 350 கிராம் அரிசியில் உள்ள சக்தி அது. ஒரு டம்ளர் நீர்க்கஞ்சியில் 30 கிராம் அரிசி இருந்தால், கிடைப்பது 100 கலோரிதான்.

அதே பெண் வயலில் இறங்கினால்? குன்னூரில் தொடங்கி இன்று ஹைதராபாத்தில் இயங்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு அட்டவணைப்படி, உட்கார்ந்து செய்யும் வேலைக்கு நாளொன்றுக்கு 1,660 கலோரி, கடும் உழைப்புக்கு 2,720. சேற்றில் குனிந்து நாற்று நடும்போது தசைகள் செலவிடும் சக்தியில் பெரும்பகுதி வெறும் வெப்பமாகிவிடுகிறது; அதை ஆற்றத்தான் அத்தனை வியர்வை. இருந்தும், அந்தக் கடும் உழைப்பு நாளின் செலவில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு படுக்கையில் கிடப்பவளுக்கும் உண்டு என்பதைக் கவனியுங்கள்.

காய்ச்சல் வந்தால் இந்த ஓய்வுச் செலவும் ஏறும். ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் சுமார் பத்தில் ஒரு பங்கு கூடும். ஆகாரம் வராவிட்டால் கல்லீரலின் சேமிப்பு ஏறக்குறைய ஒரு நாளில் தீரும். பிறகு கொழுப்போடு தசையும் கரையும். ஜுரம் விட்ட பின்னும் பலர் எழுந்து நடக்கத் தள்ளாடுவதற்கு இது ஒரு காரணம். (அறுவைக்கு முன் மருத்துவர் சாப்பிடக்கூடாது என்றால் அதுவே சட்டம்; அது வேறு விஷயம்.) சூரைச்செடியின் கீழ் களைத்துத் தூங்கிய எலியாவைத் தூதன் இரண்டு முறை எழுப்பியதும் சாப்பிடச் சொல்லத்தானே!

அந்த மாமியாரிடம் இதையெல்லாம் அரிசிக் கணக்காகவே சொன்னோம். மறுநாள் தூக்குவாளியில் குழைந்த சோறும் பருப்பும் வந்தன, கூடவே ஒரு முட்டை.

"ஒரேயடியா சாப்பிட மாட்டேங்குறாங்கய்யா. கொஞ்சங் கொஞ்சமா ஊட்டட்டுங்களா?"