அளவும் மருந்தும்

நுழையும்முன்

இதயத்தின் தாளம் பிறழும்போது அதனைச் சீராக்க மருந்துகள் உள்ளன. அம்மருந்துகளே அளவு பிறழ்ந்தால் தாளத்தைக் குலைக்கவும் வல்லவை. இவ்விரு முகங்களையும் மருத்துவ உலகம் அறிந்துகொண்ட வரலாற்றையும், அவ்வறிவு இன்று நோயாளியின் இல்லத்தில் பயன்படும் முறையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மூதாட்டியின் மூலிகை

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் பகுதியில் வாழ்ந்த மூதாட்டி ஒருவர், உடலில் நீர்கோத்து வீங்கும் நோய்க்கு மருந்து கொடுத்து வந்தார். மருத்துவர்கள் கைவிட்ட சிலரும் அவரால் நலம் பெற்றனர். குடும்பத்தில் வழிவழியாகக் காக்கப்பட்ட அம்மருந்தின் குறிப்பு, 1775ஆம் ஆண்டு வில்லியம் விதரிங் என்னும் மருத்துவரின் பார்வைக்கு வந்தது. அதில் இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் இருந்தன. விதரிங் தாவரவியலிலும் தேர்ந்தவர். ஆகவே, அக்கலவையில் ஆற்றல் உடையது ஃபாக்ஸ்குளோவ் என்னும் செடியின் இலையே என்பதை அவர் எளிதில் கண்டறிந்தார். டிஜிட்டாலிஸ் என்பது அச்செடியின் தாவரவியற் பெயர்.

கண்டறிந்தது எளிது, அளவை வகுப்பதற்குத்தான் பத்து ஆண்டுகள் ஆயின. இலையை எப்பருவத்தில் பறிப்பது, எவ்வாறு உலர்த்துவது, எத்துணைப் பொடி கொடுப்பது என ஒவ்வொன்றையும் அவர் சோதித்தார். இலையின் ஆற்றல் பருவத்திற்குப் பருவம் மாறுவதால், பூக்கும் காலத்தில் பறித்த இலையையே தேர்ந்தார். 1785இல் அவர் வெளியிட்ட நூலில், நலம் பெற்றவர்களோடு நலம் பெறாதவர்களின் விவரமும் உள்ளது. தம் மருந்தின் வெற்றிகளை மட்டும் அடுக்கிக்காட்டும் வழக்கம் மலிந்திருந்த காலத்தில் இது அரிய நேர்மையாகும்.

அளவு மிகுந்தால் நேர்வனவற்றையும் விதரிங் மறைக்கவில்லை. குமட்டல், வாந்தி, தலைச்சுற்றல், பொருள்கள் மஞ்சளாகவும் பச்சையாகவும் தோன்றும் பார்வைக் குழப்பம், நாடி மிகவும் தளர்தல், இறுதியில் மரணம் என அவர் குறித்துவைத்த அடையாளங்கள் இன்றைய மருத்துவ நூல்களிலும் இடம்பெறுகின்றன. சிறுநீர் பெருகியதும், அல்லது வயிறோ நாடியோ மாறுபாடு காட்டியதும் மருந்தை நிறுத்திவிட வேண்டும் என்பது அவர் வகுத்த விதி.

தாளம் தவறும் இடம்

இதயத்தின் வலது மேலறையில் உள்ள சைனோ ஏட்ரியல் கணுவிலிருந்து மின்தூண்டல் பிறக்கிறது. அது மேலறைகளில் பரவி, இடைக்கணுவில் சற்றுத் தயங்கி, பின் கீழறைகளை அடைகிறது. ஓய்வில் இருக்கும் வளர்ந்த மனிதரின் இதயம் நிமிடத்திற்கு 60 முதல் 100 முறை துடிக்கும். ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு லட்சம் துடிப்புகள். சோடியம், பொட்டாசியம், கால்சியம் ஆகியவற்றின் அயனிகள் இதயச் செல்லுக்குள் புகுவதும் வெளியேறுவதுமே இத்தூண்டலுக்கு அடிப்படை.

இவ்வொழுங்கு பலவாறு குலையலாம். அவற்றுள் மிகப் பரவலானது மேலறை நடுக்கம். மேலறைகள் ஒருங்கே சுருங்காமல் ஒழுங்கின்றி அதிரும். இடைக்கணுவைக் கடந்துவரும் தூண்டல்கள் சீரற்றவையாதலால் நாடியும் சீரற்றதாகும். மேலறையில் குருதி தேங்கி உறையவும், அவ்வுறைகட்டி மூளைக்குச் சென்று பக்கவாதத்தை விளைவிக்கவும் இடமுண்டு. ஆதலால் இந்நோயாளர் பலருக்குத் துடிப்பிற்கான மருந்தோடு குருதி உறைவதைத் தடுக்கும் மருந்தும் தரப்படுகிறது.

டிஜிட்டாலிஸ் இடைக்கணுவின் கடத்தலைத் தாமதப்படுத்திக் கீழறைகளின் வேகத்தைக் குறைக்கிறது, நடுக்கத்தை நீக்குவதில்லை. விதரிங்கிற்கு இது தெரிந்திருக்க வழியில்லை. நெதர்லாந்து அறிஞர் வில்லெம் ஐந்தோவன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதயத்தின் மின்னலைகளைத் துல்லியமாகப் பதிவு செய்யும் கருவியை உருவாக்கினார். அதன் பின்னரே இத்தகைய வேறுபாடுகள் தெளிவாயின. ஈ.சி.ஜி. என இன்று அனைவரும் அறிந்த அப்பதிவுமுறைக்காக அவர் 1924இல் நோபல் பரிசு பெற்றார்.

வணிகர் கண்ட வழி

1912ஆம் ஆண்டு வென்கெபாக் என்னும் இதய மருத்துவரை நாடி நெதர்லாந்து வணிகர் ஒருவர் வந்தார். அவருக்கு மேலறை நடுக்கம் இருந்தது. மருத்துவர் அதனை நிறுத்த இயலாது என்றார். தம்மால் இயலும் என்ற வணிகர், ஒரு கிராம் கொயினாவை உட்கொண்டு, மறுநாள் சீரான நாடியோடு திரும்பி வந்தார். மலேரியாவுக்குரிய மருந்து இதயத்தின் தாளத்தையும் மாற்றுகிறது என்பதை நோயாளி தாமே கண்டிருந்தார். கொயினா, சின்கோனா மரப்பட்டையிலிருந்து எடுக்கப்படுவது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீலகிரியின் நடுவட்டம் முதலிய இடங்களில் பெருந்தோட்டங்களாக வளர்க்கப்பட்ட மரம் அது. 1918இல், அப்பட்டையில் உள்ள வேதிப்பொருள்களுள் குயினிடின் இதற்கு மிகவும் ஏற்றது என பெர்லினில் வால்டர் ஃப்ரை கண்டறிந்தார்.

வணிகரின் துணிவு வியப்புக்குரியது, பின்பற்றத்தக்கதன்று. குயினிடின் உட்கொண்டோருள் சிலர் திடீரென நினைவிழந்து வீழ்ந்தனர், சிலர் இறந்தனர். மேலறையின் நடுக்கத்தை நீக்கிய மருந்து, கீழறையில் அதனினும் கொடிய தாளப்பிறழ்வைத் தூண்டியிருந்தது.

அழகிய வரைபடம்

மாரடைப்பிலிருந்து மீண்டோரின் இதயத்தில் இடையிடையே மிகைத்துடிப்புகள் தோன்றுவதுண்டு. அத்தகையோர் திடீரென இறக்கும் வாய்ப்பும் மிகுதி. மிகைத்துடிப்பை அடக்கினால் இறப்பைத் தடுக்கலாம் என்பது மருத்துவர்களின் கணிப்பு. அதற்குரிய புதிய மருந்துகள் வந்தன. ஈ.சி.ஜி. வரைபடத்தில் மிகைத்துடிப்புகள் மறைந்தன. ஆயிரக்கணக்கானோர் அம்மருந்துகளை உட்கொண்டனர்.

இக்கணிப்பு மெய்தானா என அறிய, அமெரிக்காவில் 1980களின் பிற்பகுதியில் ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. ஒரு சாராருக்கு என்கைனைடு அல்லது ஃபிளெகைனைடு என்னும் மருந்தும், மறு சாராருக்கு மருந்துப்பொருள் இல்லாத போலி மாத்திரையும் அளிக்கப்பட்டன. யாருக்கு எது என்பதை நோயாளியும் அறியார், மருத்துவரும் அறியார். மருந்து பெற்றோர் 755 பேர். போலி மாத்திரை பெற்றோர் 743 பேர். சராசரியாகப் பத்துத் திங்கள் கண்காணித்த நிலையில், மருந்து பெற்றோரில் 63 பேரும், போலி மாத்திரை பெற்றோரில் 26 பேரும் இறந்திருந்தனர். 1989இல் அம்மருந்துகள் இரண்டும் ஆய்விலிருந்து நீக்கப்பட்டன.

வரைபடம் சீராயிற்று, உயிர் காக்கப்படவில்லை. மாரடைப்பால் தழும்பேறிய தசையில் மின்தூண்டலின் வேகத்தை அம்மருந்துகள் குறைத்தன. அத்தளர்வே தூண்டல் ஒரே வட்டத்தில் மீண்டும் மீண்டும் சுழலவும் இடமளித்திருக்கலாம் என்பது பின்னாளைய விளக்கம். இதனால் ஃபிளெகைனைடு கைவிடப்பட்டுவிடவில்லை. இதயத்தின் அமைப்பில் குறைபாடு இல்லாத சிலருக்கு அது இன்றும் பயன்படுகிறது. ஒருவருக்கு நலம் தருவது இன்னொருவருக்கு நஞ்சாகும். அண்டை வீட்டாரின் மாத்திரையை வாங்கி விழுங்குதல் ஏன் ஆகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

தெரிந்து தெளிவோம்
அமியோடரோன் என்னும் தாளச்சீர் மருந்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேல் அயோடின் ஆகும். அதனை உட்கொள்வோர் தைராய்டு சுரப்பி, கல்லீரல், நுரையீரல் ஆகியவற்றைக் குறித்த காலங்களில் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். மருந்தை நிறுத்திய பின்னரும் அது பல வாரங்கள், சில வேளை பல திங்கள்கள்கூட, உடலில் தங்கும்.

இல்லத்தில் மருந்து

விதரிங்கின் இலையிலிருந்த ஆற்றல் செடிக்குச் செடி வேறுபட்டது. இன்று டிஜிட்டாலிஸ் இனத்தைச் சேர்ந்த மற்றொரு செடியின் வேதிப்பொருளான டிஜாக்சின், 0.25 மில்லிகிராம் போன்ற நுண்ணிய அளவுகளில் மாத்திரையாகக் கிடைக்கிறது. ஒரு மில்லிலிட்டர் குருதியில் 0.5 முதல் 0.9 நானோகிராம் வரை இருப்பது இதயம் தளர்ந்தோருக்கு ஏற்றது எனக் கொள்ளப்படுகிறது. 2 நானோகிராமைக் கடந்தால் நச்சுக்குறிகள் தோன்றும் வாய்ப்பு மிகுதி. நன்மைக்கும் தீமைக்கும் இடையே உள்ள வெளி இவ்வளவு குறுகியது.

மாத்திரை மாறாமலே அவ்வெளியை உடல் கடந்துவிடலாம் என்பதுதான் கருதத்தக்கது. டிஜாக்சின் பெரும்பாலும் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகிறது. முதுமையில் சிறுநீரகம் தளர்ந்தால் அது குருதியில் சேர்ந்துகொண்டே போகும். இந்திய மருத்துவர்கள் சிலர் வாரத்தில் ஐந்து நாள் மட்டும் அதனை உட்கொள்ளச் சொல்வது இத்தேக்கத்தைக் கருதியே. வீட்டினர் அவ்விரு நாள் இடைவெளியை மறதி என்று எண்ணி, மாத்திரையைக் கொடுத்துவிடுவதும் உண்டு. வயிற்றுப்போக்காலோ, சிறுநீர் பெருக்கும் மருந்தாலோ பொட்டாசியம் குறைந்தால், வழக்கமான அளவே மிகையான அளவாக வேலை செய்யும். அமியோடரோனும் கிளாரித்ரோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியும் டிஜாக்சினின் அளவைக் குருதியில் உயர்த்துகின்றன. எனவே சளி, காய்ச்சலுக்காக வேறொரு மருத்துவரை நாடும்போதும், ஏற்கெனவே உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலை அவரிடம் காட்டுதல் இன்றியமையாதது. நாட்டு மருந்துகளும் அப்பட்டியலில் இடம்பெற வேண்டும்.

ஒருவேளை மருந்தை மறந்தால், அடுத்த வேளையில் இரட்டிப்பாக உட்கொள்ளலாகாது. உடல் தேறிவிட்டது எனத் தாமாக நிறுத்துதலும் தீங்கே. துடிப்பின் வேகத்தைத் தணிக்கும் புரோபிரனலால் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் இதயம் முன்னைவிட விரைந்து துடிக்கலாம். பசியின்மை, குமட்டல், மஞ்சள் படிந்த பார்வை, மயக்கம், நாடி வழக்கத்தைவிட மிகத் தளர்தல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் மருத்துவரைக் காலந்தாழ்த்தாது அணுக வேண்டும். நாடியைக் கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கும் வழக்கம் சீரற்ற துடிப்பிற்குப் பொருந்தாது. ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுதல் வேண்டும்.

மருந்துக் கடைகளில் அட்டையிலிருந்து தேவையான மாத்திரைகளை மட்டும் கத்தரித்துத் தருவதுண்டு. மருந்தின் பெயரும் காலாவதி நாளும் கத்தரித்த மறுபாதியோடு போய்விடும். அதன்பின் முதியோர் மாத்திரையை நிறத்தாலும் வடிவத்தாலுமே அறிகின்றனர். நிறுவனம் மாறினால் நிறமும் மாறும். ஒரே மருந்து இரண்டு மருந்தாகத் தோன்றி, இரண்டும் உட்கொள்ளப்படும். பல இல்லங்களில் ஆங்கிலத்தில் அச்சிட்ட அவ்வட்டையைப் படித்துச் சொல்பவர் பள்ளியில் பயிலும் பெயரனோ பெயர்த்தியோதான். பெயரும் நாளும் உள்ள பகுதியைக் கேட்டு வாங்கி, உட்கொள்ளும் வேளையைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, வாரத்தில் மருந்து இல்லாத நாள்களை நாட்காட்டியில் வட்டமிட்டு வைக்க அவர்களால் இயலும்.