வெற்றுத் தாளில் வாங்கிய கைநாட்டு சம்மதம் ஆகுமா?

கேள்வி: ஐயா, நாங்கள் மலையாளி பழங்குடியினர். எங்கள் ஊரை ஒட்டிய காட்டில் சுரங்கம் வரப்போகிறது என்று பேசிக்கொள்கிறார்கள். போன மாதம் சிலர் வந்து, சாலை போடுவதற்கு என்று சொல்லி, வெற்றுத் தாளில் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கிப் போனார்கள். அதையே சுரங்கத்துக்குச் சம்மதம் என்று காட்டிவிடுவார்களோ என்று அம்மா தூங்காமல் கிடக்கிறார். எங்கள் காடு போய்விடுமா?
– வெ.மா., சேலம் மாவட்டம்

பதில்: தம்பி வெ.மா., முதலில் அம்மாவுக்குத் தைரியம் சொல்லுங்கள். வெற்றுத் தாளில் வாங்கிய கைநாட்டு கிராம சபைத் தீர்மானம் ஆகாது. ஆனால் அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. சத்தீஸ்கரின் ஹஸ்தேவ் காட்டில், கிராம சபைத் தீர்மானமே போலியாகத் தயாரிக்கப்பட்டது என்று மக்கள் பல ஆண்டுகளாகப் புகார் சொல்லிவருகிறார்கள். எனவே சும்மா இருந்துவிட வேண்டாம்.

எது சம்மதம், எது இல்லை என்ற குழப்பத்துக்குக் காரணம், இரண்டு கூட்டங்களை ஒன்றாக நினைப்பதுதான். ஒன்று, சுற்றுச்சூழல் அனுமதிக்காக நடக்கும் கருத்துக் கேட்புக் கூட்டம். இதற்கு 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. மக்கள் சொன்னதைப் பதிவு செய்து மேலே அனுப்புவார்கள். முடிவு அங்கே எடுக்கப்படும்.

மற்றொன்று, 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி கூடும் கிராம சபை. இதில் ஊரின் வயது வந்தோர் அனைவரும் உறுப்பினர்கள். குறைந்தது பாதிப் பேர் வந்திருக்க வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும். இது குறைவெண் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகை) எனப்படும். காட்டையும் நீர்நிலைகளையும் தங்கள் பண்பாட்டையும் காக்கும் அதிகாரத்தை இந்தச் சட்டத்தின் 5ஆவது பிரிவு கிராம சபைக்குத் தந்திருக்கிறது. உங்கள் உரிமைகளைச் சரிபார்த்து அங்கீகரிக்கும் வேலை முடியும் வரை, நீங்கள் அனுபவித்துவரும் வன நிலத்திலிருந்து உங்களை வெளியேற்றக் கூடாது என்கிறது 4(5) பிரிவு.

கிராம சபைக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதை ஒடிசாவின் நியம்கிரி மலை காட்டியது. டோங்ரியா கோந்த் மக்கள் தெய்வமாக வணங்கும் அந்த மலையில் பாக்சைட் வெட்டத் திட்டமிட்டார்கள். மலை மீதான சமய, பண்பாட்டு உரிமைகளைக் கிராம சபைகளே பரிசீலிக்க வேண்டும் என்று 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாவட்ட நீதிபதி பார்வையாளராக உட்கார, 12 ஊர்களில் சபை கூடியது. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. 2014 ஜனவரியில் மத்திய அரசு திட்டத்தை நிராகரித்தது.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 2022இல் மாறிய விதிகளின்படி, வன நிலத்தை மாற்றுப் பயன்பாட்டுக்கு விட மத்திய அரசு முதலில் ஒப்புதல் தந்துவிடலாம். உங்கள் வன உரிமைகளைத் தீர்த்துவைக்கும் பொறுப்பு அதன்பின் மாநில அரசைச் சேரும். பழங்குடி ஊர்களுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டின் பெசா சட்டமும் அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டுமே. தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட பகுதி இல்லை. ஆகவே நீங்கள் முந்திக்கொள்வது அவசியம்.

செய்ய வேண்டியவை இவை:

1. எந்த நாளில், என்ன காரணம் சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள் என்பதை எழுதி, அதைச் சம்மதமாக ஏற்கக் கூடாது என்று மாவட்ட ஆட்சியருக்கு ஊரார் சேர்ந்து மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

2. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், உங்கள் ஊர் பெயரில் தீர்மானம் ஏதும் தரப்பட்டிருக்கிறதா என்று கேட்டு நகல் வாங்குங்கள்.

3. வன உரிமைக் குழுவைக் கூட்டிச் சமூக உரிமைக்கு விண்ணப்பியுங்கள். கிழங்கு தோண்டும் இடம், மாடு மேய்க்கும் இடம், சுடுகாடு, கோயில் மரம், சுனை எல்லாவற்றையும் குறியுங்கள். பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுத்தில் வாங்குங்கள். அதுவும் சட்டப்படி சான்றுதான். அம்மாவுக்குத் தெரிந்ததையும் கேட்டு எழுதுங்கள்.

4. இனிமேல் கிராம சபையில் தீர்மானத்தை முழுதாக எழுதி, உரக்கப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். தீர்மானப் புத்தகத்தில் கடைசி வரியை ஒட்டிக் கோடு இழுத்து, அதன் கீழே முதல் கையெழுத்து வர வேண்டும். நடுவில் ஒரு விரல் இடமும் விடாதீர்கள். புரட்டும்போது ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுங்கள்.

வழக்கு வரை போக நேர்ந்தால் செலவை நினைத்துத் தயங்காதீர்கள். பழங்குடியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்பது சட்டம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும். ஆட்சியருக்கான மனுவை மட்டும் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.