நோயாளிக்குத் தனிச் சமையல் வேண்டாம்

அரசாங்கச் சுகாதார நிலையத்தில் தாதியாகப் பணியாற்றியபோது நான் கற்ற பாடம் ஒன்றை இங்குக் கூற விழைகிறேன்.

மலேசியாவில் 2019ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடாக இருந்தது. அதாவது 10 பேரில் மூவர்!

என்னிடம் வந்த தாய் ஒருவர் மாத்திரைகளைத் தவறாமல் உட்கொண்டார். ஆயினும் சர்க்கரை குறையவில்லை. விசாரித்தேன். எல்லாருக்கும் பரிமாறிய பின், மிஞ்சிய சோற்றை வீணாக்க மனமின்றி, இரவு 10 மணிக்கு அவரே உண்டு வந்தார். தமக்கெனத் தனியாகச் சமைப்பதைத் தன்னலமாகக் கருதினார்.

அடுத்த முறை குடும்பத்தாரையும் வரச் சொன்னேன். "அம்மா எப்போது சாப்பிடுவார் என்பதே எங்களுக்குத் தெரியாது" என்று மூத்த மகன் தலைகுனிந்தார். அன்றுமுதல் சோற்றைக் குறைத்து, காய்கறி, கீரை, பருப்பைக் கூட்டி, ஒரே சமையலை மாலை 7 மணிக்கே அனைவரும் சேர்ந்து உண்டனர். தேநீரில் டின் பால் நின்றது. கடந்த 2, 3 மாதச் சர்க்கரை நிலையைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையில் முன்னேற்றம் தெரிந்தது.

மற்றொன்று: விரத நாளில் மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும், உண்ணாமல் இன்சுலின் போடுவதும் ஆபத்து. முன்னதாகவே மருத்துவரிடம் கேளுங்கள். சர்க்கரைப் பொங்கலைச் சிறிதளவே பெற்றாலும் இறையருள் குறையாது.

இன்றிரவு உங்கள் இல்லத்தில் அன்னையையும் உடன் அமர்த்தி உண்ணுங்கள். அதுவும் இறைத்தொண்டே.