அரிதாரத்தைத் துடைத்துவிட்டுப் போங்கள்

பள்ளிகளில் நாடகப் பயிற்சி கொடுக்க ஆரம்பித்து ஒன்பது வருடம் ஆகிறது. கடைசி ஆறு வருடமாக ஒரு மனநல ஆலோசகரோடு சேர்ந்து, வளரிளம் பிள்ளைகளுக்கு மட்டும் செய்கிறேன். அதற்கு முந்தைய மூன்று வருடத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

அரசுப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு. "உங்க வீட்ல நடந்த ஒரு சண்டையை நடிச்சுக் காட்டுங்க" என்றேன். பிள்ளைகள் மனம்விட்டுப் பேசுவார்கள் என்று நினைப்பு. ஒரு பெண் எழுந்து வந்தாள். அப்பா சாப்பாட்டுத் தட்டை எட்டி உதைப்பதைச் செய்து காட்டினாள். காலைக் கீழே வைத்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்து, துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். வகுப்பு முழுக்க வேடிக்கை பார்த்தது. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "சரிம்மா, போய் உட்காரு" என்று சொல்லிவிட்டு அடுத்த குழுவைக் கூப்பிட்டேன். மறுவாரம் அவள் வரவில்லை.

பிறகுதான் ஆலோசகரைத் தேடிப் போனேன். ஒருவர் தன் கதையைத் தானே நடிப்பது சைக்கோடிராமா; 1920களில் வியன்னாவில் நாடகம் நடத்திக்கொண்டிருந்த மொரேனோ என்ற மருத்துவர் உருவாக்கிய முறை. முறையாகப் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்தான் அதைத் தொடலாம். என்னைப் போன்ற நாடகக்காரனும், ஆர்வமுள்ள ஆசிரியரும் செய்ய வேண்டியது வேறு: கதைக்கும் பிள்ளைக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விடுவது. சொந்தக் கதையைக் கேட்கவே கூடாது.

அந்த இடைவெளிக்கு நான் வெளியே எங்கும் போகவில்லை. சின்ன வயதில் விடிய விடியப் பார்த்த தெருக்கூத்தில் கட்டியங்காரன் இருந்தான். ராஜாவையே நிறுத்தி, நீ யார், எதற்கு வந்தாய் என்று கேட்கிற உரிமை அவன் ஒருவனுக்குத்தான் உண்டு. வகுப்பில் ஒரு ராஜாவை உண்டாக்கினோம். அவருக்கு ராத்திரியில் தூக்கம் வராது. ஏன் என்று கண்டுபிடிப்பது கட்டியங்காரன் வேலை. வாயாடிப் பையன் ஒருவன் அந்த வேஷத்தை எடுத்துக்கொண்டான். "ராசாவே, நீங்களே முழிச்சுக்கிட்டு இருந்தா காவக்காரனுக்கு எதுக்குச் சம்பளம்?" வகுப்பே சிரித்தது. ராஜாக்கள் மாறி மாறி வந்தார்கள். ஒருவருக்குப் பக்கத்து நாட்டுப் படை பயம், ஒருவருக்கு மார்க் பயம். அதுவரை வாயே திறக்காத ஒரு பையன் நாற்காலியில் உட்கார்ந்தான். "ஏன் ராசா தூங்கல?" "தூங்குனா காலையில எந்திரிக்கணுமே."

அதற்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆலோசகர் மட்டும் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் அவனைத் தனியாக அழைத்துப் பேசினார். பெற்றோரை வரவழைத்து, மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவனோடு போகச் செய்தார். அந்த அறையில் நான் மட்டும் இருந்திருந்தால் நல்ல நகைச்சுவை என்று கைதட்டியிருப்பேன். அதனால்தான் சொல்கிறேன், ஆலோசகர் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

கேலி, அடிதடி, போன் மிரட்டல் போன்றவற்றுக்கு பிரேசில் நாடகக்காரர் அகஸ்தோ போவாலின் மன்ற அரங்கு நன்றாக வேலை செய்கிறது. பிரச்சினையைத் தீர்க்காமல் நடித்துக் காட்டுவோம். மறுபடி நடிக்கும்போது பார்க்கிறவர் "நிறுத்து" என்று சொல்லி, அடிபடுகிறவர் இடத்தில் தான் வந்து நின்று வேறு வழி முயலலாம். அடிக்கிறவனை மட்டும் மாற்றக் கூடாது. அவன் திடீரென நல்லவனாகிவிட்டால் நாடகம் பொய்யாகிவிடும், பிள்ளைகளுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

இதில் நான் பட்ட அடி ஒன்று. குடிகார அப்பாவாகப் பிரமாதமாக நடித்த ஒரு பையனை வகுப்பில் "டேய் குடிகாரா" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவனுக்கு நிஜமாகவே குடிக்கிற அப்பா என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கூத்துக்காரர்கள் விடிந்ததும் தேங்காய் எண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். நான் பிள்ளைகளை அரிதாரத்தோடு அனுப்பியிருக்கிறேன். இப்போது நாற்பத்தைந்து நிமிட வகுப்பில் முப்பதாவது நிமிடத்தில் நடிப்பை நிறுத்திவிடுகிறேன். ஈரத் துணியால் முகம் துடைக்கிறார்கள், கை கால் உதறுகிறார்கள். ஒவ்வொருவரும் எழுந்து, "நான் ராஜா இல்ல, நான் இன்னார், காலையில இட்லி சாப்பிட்டேன்" என்று சொல்ல வேண்டும். இட்லி இடத்தில் சிரிப்பு வரும். வரட்டும், அது வந்தால் வேஷம் இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

"இதையே ஆண்டு விழாவில் போடலாமே சார்" என்று எல்லாப் பள்ளியிலும் கேட்பார்கள். போடக் கூடாது. மேடை என்று வந்தவுடன் பிள்ளை கைதட்டலுக்காக நடிக்கத் தொடங்கிவிடும்.

இன்னொன்று, "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் தொல்லை என்று தெரிய வந்தால் காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். "உனக்கு ஆபத்துன்னா மட்டும் சொல்லுவேன், உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்" என்று முதல் நாளே பேசிவிடுகிறேன்.

எந்தப் பள்ளிக்குப் போனாலும் முதலில் கரும்பலகை மூலையில் இரண்டு எண்களை எழுதுவேன். 14416, மனநல உதவிக்கான டெலி மானஸ். 1098, குழந்தைகள் உதவி எண். இரண்டுமே இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள். போகும்போது அவற்றை அழிப்பதில்லை.