ரவைக் கேக்கும் கடதாசிப் பாயும்

பிளேஸ்டோவில் வளரும் நம் பிள்ளைகளுக்குக் கடகம், சுளகு என்றால் என்னவென்று தெரியாது. அம்மம்மாவுடன் கதைக்கவும் சொற்கள் போதாது. கைவேலையோடு சேர்ந்தால் சொற்கள் இலகுவாக வரும். இந்தச் சனிக்கிழமை முட்டை சேராத ரவைக் கேக் செய்வோம்.

2 கப் ரவை, 1 கப் சீனி, 1 கப் தயிர், அரைக் கப் பால், அரைக் கப் உருக்கிய பட்டர், கொஞ்சம் ஏலப்பொடி: எல்லாவற்றையும் குழைத்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள்.

அதற்குள் பிள்ளைகள் சிறு பாய் பின்னட்டும். பனையோலைக்குப் பதிலாகத் தடித்த கடதாசியை ஓரங்குல அகலத்தில் நறுக்குங்கள். ஒன்று மேலே, ஒன்று கீழே. அடுத்த வரிசையில் மாற்றிக் கோக்க வேண்டும். "இழு, இறுக்கு" என்று அம்மம்மா தமிழிலேயே சொல்லிக்கொடுக்கட்டும்.

பின்பு முக்கால் தேக்கரண்டி அப்பச்சோடாவைச் சிறிது பாலில் கரைத்துக் கலந்து, உடனே 180 பாகை செல்சியஸ் சூட்டில் 35 நிமிடமளவு வேகவிடுங்கள். தயிரின் புளிப்பும் சோடாவும் சேர வாயு உண்டாகிக் கேக்கைப் பொங்கச் செய்யும். தாமதித்தால் வாயு வெளியேறிவிடும்.

எங்கள் வீட்டில் முதற் கேக் கல்லாகிவிட்டது. "அம்மம்மா, அடுத்த முறை கெதியாய் வையுங்கோ" என்றாள் மகள். அவள் தானாகச் சொன்ன முதல் முழுத் தமிழ் வசனம் அது.