சம்மட்டியைக் கீழே வையுங்கள்

சேத்தியாத்தோப்புப் பட்டறையிலிருந்து வாசகர் கேள்விகளுக்கு மெக்கானிக் பதில்

கேள்வி: டீசல் கார். ஐடிலில் கிராங்க் புல்லி தள்ளாடுகிறது, பெல்ட் கீச்சிடுகிறது. இரண்டு பெல்ட் மாற்றியும் சத்தம் நிற்கவில்லை. (வாசகர், வடலூர்)

பதில்: இரண்டு பெல்ட் காசு தண்டம். அது வெறும் புல்லி இல்லை, டேம்பர். நடுவில் ஹப், வெளியே கனமான வளையம், இடையில் ரப்பர். ஒவ்வொரு சிலிண்டர் வெடிக்கும்போதும் கிராங்க் இம்மியளவு முறுக்கிக்கொண்டு திரும்பும். அந்த நடுக்கத்தை வாங்கித் தணிப்பது இந்த ரப்பர்தான். ஆயில் கசிவிலும் வயசிலும் அது விட்டுப்போகும். ஹப்பிலிருந்து வளையம் வரை சாக்பீஸால் ஒரே கோடு இழுத்து, கொஞ்சம் ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் மாற்றுங்கள். வளையம் நழுவியபின் அதிலுள்ள டைமிங் குறியையும் நம்பாதீர்கள்.

கேள்வி: கிராங்க் புல்லிக்குப் பழைய போல்ட்டையே போடலாமா? (வாசகர், புவனகிரி)

பதில்: டார்க் சொல்லி, அதற்குமேல் இத்தனை டிகிரி என்றும் கையேடு சொன்னால், பெரும்பாலும் அது நீண்டு பிடிக்கும் போல்ட். புதிதாக வாங்குங்கள்.

கேள்வி: போல்ட்டில் கம்பியை மாட்டி ஸ்டார்ட்டரை ஒரு தட்டுத் தட்டினால் கழன்றுவிடுமாமே? (வாசகர், ஸ்ரீமுஷ்ணம்)

பதில்: கையும் கழன்றுவிடும்.

கேள்வி: புது டேம்பர் ஏறவில்லை. மரக்கட்டை வைத்துச் சம்மட்டியால் அடித்து ஏற்றினார்கள். கட்டை வைத்ததால் பரவாயில்லைதானே? (வாசகர், விருத்தாசலம்)

பதில்: நீங்கள் பீங்கான் ஊர்க்காரர். பெட்டிக்குள் இடமில்லையென்று பொம்மையைக் கட்டை வைத்து அடித்து இறக்குவீர்களா? கட்டை இருந்தால் மேலே வடு தெரியாது, அவ்வளவுதான். அடி நேராகக் கிராங்க் வழியே த்ரஸ்ட் பேரிங்கில் போய் விழும். டேம்பரின் ரப்பரும் அன்றைக்கே பாதி பிடி விட்டிருக்கும். கிராங்கின் முன்பின் ஆட்டத்தை டயல் வைத்து அளக்கச் சொல்லுங்கள்.

"அடிக்கவில்லை அண்ணே, போல்ட்டாலேயே இழுத்தேன்" என்று வருகிறவர்கள் இன்னொரு ரகம். தொடக்கத்தில் நாலு மரைதான் பிடித்திருக்கும், முழுப் பாரமும் அதன்மேல். மரை கிழிந்தால் கிராங்க் போச்சு. இறுக்கமாக ஏறும் ஹப்புக்கு மரைத்தண்டும் நட்டும் பேரிங்கும் கொண்ட கருவி இருக்கிறது. தண்டு கிராங்குக்குள் ஆழமாக இறங்கிய பிறகு நட்டைத் திருகுங்கள். கழற்றும்போதும் புல்லரை ஹப்பில் மாட்டுங்கள். வெளி வளையத்தைக் கொக்கி போட்டு இழுத்தால் ரப்பர் கிழியும்.

கேள்வி: புது ஆயில் சீல் போட்டும் முன்பக்கம் கசிகிறது. எஞ்சின் இறக்க வேண்டுமா? (வாசகர், காட்டுமன்னார்கோவில்)

பதில்: பயப்படாதீர்கள். ஹப்பில் சீல் உரசும் இடத்தை நகத்தால் தடவுங்கள். பள்ளம் தட்டினால் ஹப்பை மாற்றுங்கள் அல்லது அதன்மேல் மெல்லிய ஸ்லீவ் ஏற்றுங்கள். ரப்பர் சீல் என்றால் உதட்டில் ஆயில் தடவ மறக்காதீர்கள்.

கேள்வி: கிராங்கிலும் ஹப்பிலும் கீ வெட்டே இல்லை. தப்பான சாமான் கொடுத்துவிட்டார்களா? (வாசகர், நெய்வேலி)

பதில்: இல்லை. சில எஞ்சின்களில் போல்ட்டின் இறுக்கம் ஒன்றுதான் ஹப்பையும் டைமிங் பல்சக்கரத்தையும் பிடித்து நிறுத்துகிறது. போல்ட்டைத் தளர்த்தினால் டைமிங்கும் நழுவும். லாக்கிங் கருவி இல்லாமல் தொடாதீர்கள். எங்கள் ஊர்ச் சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு டிராக்டர்கள் முறை வரும்வரை நிற்கவில்லையா? கருவி வரும்வரை உங்கள் வண்டியும் நிற்கட்டும்.